விரிசல் விழாத ரொட்டி

நசீப் கௌர் வீட்டில் ஒருமுறை சாப்பிட்டவர்கள் அடுத்தமுறை அந்த வாசலைத் தாண்டும்போது மெதுவாகத்தான் நடப்பார்கள். கூப்பிட்டு உட்கார வைக்க மாட்டாளா என்ற நப்பாசை. குருத்வாராவில் மூட்டை மூட்டையாக மாவு பிசையும் நாளில் பதம் பார்க்க அவளுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். இரண்டு விரலால் மாவை அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தண்ணி" என்பாள். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் கோதுமையே ஆகாத மருமகள் வாய்த்தாள். வீட்டைச் சுற்றி எட்டு ஏக்கர் கோதுமை, உள்ளே வந்தவளுக்கோ ஒரு துண்டு ரொட்டியும் விஷம். கேட்டவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சங்ரூர் வட்டாரமே சிரித்தது.

மருமகள் பெயர் குர்லீன். பட்டியாலாக்காரி, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் பேசும்போதே அவளுடைய அப்பா மறைக்காமல் சொல்லிவிட்டார். காலேஜ் படிக்கிற வயதில் அவள் எலும்பும் தோலுமாகி, காரணமே இல்லாமல் அழுதுகொண்டு கிடந்தாளாம். மனசு சரியில்லை என்று இரண்டு வருஷம் மாத்திரை கொடுத்தார்களாம். கடைசியில் லூதியானாவில் ஒரு டாக்டர்தான், இது சீலியாக் நோய், கோதுமை உள்ளே போனால் குடல் அரித்துப்போகும், அதோடு மனசும் படுத்துவிடும் என்று கண்டுபிடித்தாராம். கோதுமையை விட்ட ஒரு வருஷத்தில் பெண் மறுபடி மனுஷியானாள். நசீப் கௌரின் ஒரே மகன் ஜக்தார் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சப்பாத்திதானே, விட்டாப் போகுது" என்று தலையாட்டினான். அவன் கண் முழுக்கப் பெண்ணின் மேல்தான் இருந்தது.

நசீப் கௌரும் தலையாட்டினாள். மனசு மட்டும் ஆட்டவில்லை. உழுது விதைத்து அறுத்துச் சாமிக்குப் படைக்கிற தானியம் ஒருத்தி உடம்பில் விஷமாகுமா? எந்த ஊர் நியாயம் இது?

ஆனாலும் குர்லீனைப் பிடிக்காமல் போகவில்லை. சிரித்த முகம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டு, "பீஜி, இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தால் அடுப்படியே கலகலக்கும். மகன் அம்மாவைக் கூப்பிடுகிற அதே 'பீஜி'தான் இவளுக்கும். நசீப் கௌரின் கணவர் இறந்த பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. தனக்கென்று தனித் தோசைக்கல், தனிப் பாத்திரம், தனி மக்காச்சோள மாவு டப்பா என்று ஒரு மூலையை வைத்துக்கொண்டு அவளே அவளுக்கு ரொட்டி தட்டிக்கொள்வாள். அவள் தட்டுவது ஓரமெல்லாம் விரிசல் விட்டு, கல்லில் போடும் முன்னே நாலாய் உடையும். அதைப் பொறுக்கித் தின்றுகொண்டே, "என் ரொட்டியில பாகிஸ்தான் எல்லைகூடத் தெரியுது பாருங்க பீஜி" என்று சிரிப்பாள்.

வினை குருத்வாராவில்தான் ஆரம்பித்தது. கார்த்திகை மாதம் குரு பிறந்த நாள். எல்லாருக்கும் கைநிறையப் பிரசாதம், நெய் சொட்டும் கோதுமை அல்வா. குர்லீன் இரண்டு கையையும் ஏந்தி வாங்கினாள், நெற்றியில் ஒற்றிக்கொண்டாள், சத்தம் காட்டாமல் ஜக்தாரின் கையில் மாற்றினாள். பட்டியாலாவில் இப்படித்தான் வழக்கமாம், அங்கே யாரும் ஒன்றும் சொன்னதில்லையாம். இங்கே பக்கத்து வீட்டுச் சிந்தோ பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணில் படாமல் அந்த ஊரில் ஒரு கோழி முட்டை இடமுடியாது.

செருப்பு மாட்டும் இடத்திலேயே பிடித்துக்கொண்டாள். "என்ன தாயி, உங்க வீட்டு மகாராணிக்குக் குருவோட பிரசாதமும் ஆகாதோ?"

"அதுலயும் கோதுமை இருக்கேடி."

"ஒரு வாய் பிரசாதம் தின்னு செத்தவங்க யாரையாச்சும் பார்த்திருக்கியா நீ? ஊருக்கே மாவு பதம் சொல்றவ, உன் வீட்டுல உன் கையால ஒருத்தி ஒரு ரொட்டி தின்னமாட்டேங்குறா. நல்லா காதுல பூ சுத்துறா உனக்கு."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நசீப் கௌருக்கு முகம் எரிந்தது.

மறுநாள் மாலை அவள் குர்லீனின் மூலைக்குப் போனாள். "நகரு புத், என் மகளே. நாள் முழுக்கப் பசங்களோட கத்திட்டு வர்ற, இனிமே உன் ரொட்டியை நானே தட்டித் தர்றேன்" என்றாள். குர்லீனுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த மூலைப் பாத்திரத்தை வீட்டில் வேறு யாரும் தொட்டதில்லை. அவள் பார்க்கவே நசீப் கௌர் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், கையை முழங்கை வரை கழுவினாள். குர்லீன் திருப்தியாக உடை மாற்றப் போனாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் இவள் கோதுமை டப்பாவைத் திறந்து ஒரு பிடி அள்ளி மக்காச்சோள மாவில் போட்டாள்.

கெடுக்க வேண்டும் என்று அல்ல. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் மக்காச்சோள ரொட்டி உடையாமல் இருக்க ஒரு பிடி கோதுமை சேர்ப்பார்கள், இவளும் நாற்பது வருஷமாகச் சேர்த்தவள். இப்போது கணக்கு வேறு. கொஞ்ச நாள் தின்னட்டும், ஒன்றும் ஆகப்போவதில்லை. மார்கழிக் கடைசியில் வரும் லோஹ்ரிப் பண்டிகை அன்று ஊரெல்லாம் நெருப்பைச் சுற்றி நிற்கும்போது, "அடி பைத்தியமே, இத்தனை நாளா நீ தின்னது கோதுமை!" என்று போட்டு உடைத்தால், மருமகளின் பயமும் தெளியும், சிந்தோவின் வாயும் அடையும். அவள் மனசுக்கு இது வைத்தியமாகவே தோன்றியது. பாவி மனுஷி!

அன்றைய ரொட்டி வட்டமாக, ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தது. குர்லீன் அதைக் கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பீஜி, இதுல கோதுமை கலக்கலையே?"

"சேச்சே. சத்தியமா இல்ல. கொதிக்கிற தண்ணியில பிசையணும், உள்ளங்கையில வேகம் வேணும். நீ தட்டுறது ரொட்டியா? கரும்பலகை துடைக்கிற மாதிரியில்ல தடவுற!"

குர்லீன் வாய்விட்டுச் சிரித்தாள். அன்று மூன்று ரொட்டி தின்றாள்.

ஒரு வாரம் போனது. வாந்தி இல்லை, வயிற்றுவலி இல்லை. நசீப் கௌர் தினமும் அவள் முகத்தைப் பார்ப்பாள், உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். இந்த நோய் எல்லாரிடமும் சத்தம் போடாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? சிலருக்கு வயிறு சும்மா இருக்கும், உள்ளே மட்டும் அரித்துக்கொண்டே போகும்.

பிறகு வாசலில் பனிமூட்டம் இறங்கியது. எதிர் வயல்கூடத் தெரியாத மார்கழி. குர்லீன் பள்ளிக்கூடக் கதை சொல்வதை நிறுத்திவிட்டாள். பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், அடுப்பை அணைக்கத் தோன்றாது. வாய்க்குள் புண். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. ஒரு நாள் வகுப்பில் நின்றபடியே என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்து, பிள்ளைகள் முன்னாலேயே அழுதிருக்கிறாள்.

"குளிருதான். நமக்கே முதுகு மடங்குது" என்றாள் நசீப் கௌர்.

"குளிரு இல்ல பீஜி. இது எனக்குத் தெரியும். காலேஜ்ல இப்படித்தான் ஆரம்பிச்சுது." குர்லீன் குரல் தாழ்ந்திருந்தது. "ஆனா நான்தான் எதையும் தொடலையே. அப்புறம் ஏன் வருது?"

யாரோ கண் வைத்திருப்பார்கள் என்று நசீப் கௌர் மிளகாய் சுற்றிப் போட்டாள். ரொட்டி மட்டும் வட்டமாகவே வந்துகொண்டிருந்தது.

லோஹ்ரியும் வந்தது. தெருமுனையில் விறகு அடுக்கிக் கொளுத்தினார்கள். எள்ளும் சோளப்பொரியும் நெருப்பில் விழுந்து படபடத்தன. சிந்தோ பாட்டுக் கட்டி ஆடினாள். இதுதான் நேரம் என்று நசீப் கௌர் மருமகளைத் தேடிப் போனாள். குர்லீன் எல்லாரையும் விட நெருப்புக்குக் கிட்டத்தில் நின்றாள். சால்வை நுனி கருகுகிற தூரம்.

"பீஜி, பார்க்கப் பார்க்க உள்ள போயிடலாம்போல இருக்கு" என்றாள், மழை வரும்போல என்று சொல்கிற குரலில்.

நசீப் கௌர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். சொல்ல நினைத்த ரகசியத்தைச் சொல்லவே இல்லை. அன்றிலிருந்து வீட்டில் கயிறு எங்கே இருக்கிறது, பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று அவள் கண் தானாகத் தேடிக்கொண்டிருந்தது.

ஜக்தார் மனைவியை லூதியானாவுக்கு அழைத்துப் போனான். ரத்தம் எடுத்தார்கள். திரும்பி வந்தவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திய வேகத்திலேயே தெரிந்தது.

"பீஜி, கேட்டியா? கோதுமை உள்ள போகாம ரத்தத்துல அந்த நோயோட அளவு இவ்வளவு ஏறவே ஏறாதாம். டாக்டர் என் முகத்துக்கு நேரா கேக்குறாரு, வீட்டுல கண்டிக்கிறது இல்லையான்னு. இவ ஒளிஞ்சு ஒளிஞ்சு திங்கிறா!"

"சத்தியமா இல்லங்க. உங்க தலையில அடிச்சு வேணா சொல்றேன்..."

"என் தலையை விடு! ஸ்கூல்ல சமோசா, வழியில பிஸ்கட்டு. அப்புறம் இங்க வந்து ஒப்பாரி. நாங்க என்ன முட்டாளா?"

நசீப் கௌர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வாக்கியம் போதும். 'டேய், அவளை விடு, நான்தான்' என்றால் தீர்ந்தது. ஆனால் அம்மா என்றால் உயிரை விடுகிற பையன், நாளைக்குத் தன்னை எந்தக் கண்ணால் பார்ப்பான்? ஊர்ப் பெண்கள் என்ன சொல்வார்கள்? மருமகளுக்கு விஷம் வைத்தவள். சிந்தோ ஒருத்தி போதும், வாயில் போட்டு மெல்ல.

"விடுடா, சின்னப் பொண்ணு" என்று மட்டும் சொன்னாள். அதைச் சொன்னதற்காக குர்லீன் அவளை நன்றியோடு பார்த்தாளே, அந்தப் பார்வை மூன்று நாள் தூங்கவிடவில்லை.

சரி, அன்றோடு கோதுமையை நிறுத்தினாளா? அதுதான் இல்லை. திடீரென்று ரொட்டி உடைந்தால் குர்லீன் கேட்பாளே! பிடியைப் பாதியாக்கினாள். பாதியைச் சிட்டிகையாக்கினாள். சிட்டிகைதானே, சிட்டிகை என்ன செய்யும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இவ்வளவு கெட்டிக்காரி, சிட்டிகையும் விஷம்தான் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மாசி பிறந்தது. குர்லீன் வேலையை விட்டுவிட்டாள். கணவன் நம்பாதது போதாதென்று இப்போது அவளே தன்னை நம்பவில்லை. தலையணை உறையை உதறிப் பார்ப்பாள், பிஸ்கட் துகள் இருக்கிறதா என்று. தன் விரலைத் தானே முகர்ந்து பார்ப்பாள். ஒரு மத்தியானம் சமையலறைச் சாவியைக் கொண்டுவந்து நசீப் கௌர் கையில் வைத்தாள்.

"பீஜி, நீங்களே வச்சுக்கங்க. பூட்டிடுங்க."

"எதுக்குடி?"

"நான் தூக்கத்துல எழுந்து போய்த் திங்கிறேன் போல. எனக்கே தெரியாம. வேற எப்படி ரத்தத்துல வரும்? எனக்கு என்னைப் பார்த்தா பயமா இருக்கு பீஜி. இனிமே உங்க கையால குடுக்கிறதைத் தவிர வேற எதையும் தின்ன மாட்டேன். தண்ணிகூட நீங்கதான் குடுக்கணும்."

அந்தச் சாவி பனியில் கிடந்தது போலச் சில்லென்று இருந்தது. நசீப் கௌர் அதை வாங்கி துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டாள். பூட்டினாள். திறந்தாள். சிட்டிகை போட்டாள். திருடியிடமே சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொண்டது அந்தப் பெண்.

வெளியே கோதுமை முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தொட்டு, பால் பிடித்து, மஞ்சளாகத் திரும்பியது. உள்ளே குர்லீன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கூப்பிட்டால் திரும்புவாள், பேச மாட்டாள்.

பங்குனிக் கடைசியில் ஜக்தார் சொன்னான்: "நாளைக்குக் காலையில பட்டியாலாவுல கொண்டுபோய் விட்டுடுறேன். அவங்க அப்பாகிட்ட பேசியாச்சு. மனநல ஆஸ்பத்திரியில சேர்க்கப் போறாங்களாம். பொய் சொல்றவளோட என்னால குடும்பம் நடத்த முடியாது பீஜி. அறுப்பு வேற வருது." சொல்லிவிட்டு அறுவடை மிஷின்காரனைப் பார்க்கப் போய்விட்டான்.

நசீப் கௌர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். ஒன்றை நினைத்துப் பார்த்தாள், நினைத்ததற்கே வெட்கப்பட்டாள். குர்லீன் பட்டியாலா போனால் அங்கே சுத்தமாகச் சாப்பிடுவாள். உடம்பு தேறும். மருந்தில் தேறியது என்பார்கள். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் தானாகச் சுபமாகிவிடும். பைத்தியம் என்ற பெயரோடு, பொய்க்காரி என்ற பெயரோடு, குர்லீன் போய்விடுவாள். அவ்வளவுதான்.

இந்த ஒரு வேளையாவது சுத்தமாகக் கொடுப்போம் என்று நினைத்தாள். கோதுமை டப்பாவை அலமாரியின் கோடியில் தள்ளினாள். வெறும் மக்காச்சோள மாவில் கொதிநீர் ஊற்றிப் பிசைந்தாள். நாற்பது வருஷக் கை. உள்ளங்கையில் வைத்துத் தட்டினாள். ஓரம் வெடித்தது. ஒட்டினாள், மறுபடி வெடித்தது. கல்லில் போட்டபோது நடுவில் கோடு ஓடி இரண்டாகப் பிரிந்தது. அடுத்தது மூன்றாக. அந்தத் துண்டுகளையே தட்டில் வைத்து, கீரை மசியலும் வெண்ணெயும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள்.

குர்லீன் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கட்டிவைத்த பை. தட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"ஏன் பீஜி, இன்னைக்கு உடைஞ்சுபோச்சு?"

"மாவு பழசு."

"மாவு இல்ல பீஜி." குர்லீன் ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தாள். "என்னாலதான். நான் இந்த வீட்டுக்கு வந்த நேரம், உங்க கைக்கும் ஆகாம போச்சு. உங்க கை ரொட்டி உடைஞ்சு நான் பார்த்ததே இல்ல. நான் போயிட்டா சரியாயிடும். எனக்காக நீங்க இவ்வளவு பட்டீங்க, மன்னிச்சுடுங்க."

நசீப் கௌர் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான்" என்றாள்.

"என்ன பீஜி?"

"கோதுமை. குரு பிறந்த நாளுக்கு மறுநாள்லேருந்து. உன் மாவுல ஒரு பிடி, தினமும். உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு காட்டணும்னு நினைச்சேன். அப்புறம் சொல்லப் பயந்துட்டேன். அதான்டி அந்த ரொட்டி உடையல. கை இல்ல, கால் இல்ல. கோதுமை. நீ எதையும் ஒளிஞ்சு திங்கல புத். தூக்கத்துல எழுந்திருக்கவும் இல்ல."

குர்லீன் திட்டுவாள், தட்டை எறிவாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பெண்ணின் முகம் முழுக்க ஓர் ஆச்சரியம்.

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையா பீஜி?"

"இல்லடி. இல்லவே இல்ல."

"நான் பொய் சொல்லலையா?"

"இல்ல."

குர்லீன் சிரித்தாள். கார்த்திகைக்குப் பிறகு முதல் சிரிப்பு. சிரிப்பு அழுகையாகி, அழுகை அடங்கி, கடைசியில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மடியிலிருந்த தட்டைப் பார்த்தாள். முகம் மெல்ல மாறியது.

"இதுல?"

"இதுல இல்ல புத். சத்தியமா இல்ல. அதான் பாரு, உடைஞ்சிருக்கு. சாப்பிடு, காலையிலேருந்து ஒண்ணும் திங்கல நீ."

"அன்னைக்கும் இதையேதானே சொன்னீங்க? சத்தியமா இல்லன்னு."

தட்டை எடுத்து நசீப் கௌரின் மடியில் வைத்தாள். பிறகு கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க."

துப்பட்டா முடிச்சு சீக்கிரம் அவிழவில்லை. நசீப் கௌர் பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தாள்.

"அவர் வந்ததும் நீங்களே சொல்லணும். நான் சொன்னா நம்பமாட்டாரு."

"சொல்றேன்."

குர்லீன் சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். சமையலறைக்குள் போனாள், உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் கொட்டும் சத்தம். வெகுநேரம் பாத்திரம் தேய்க்கும் சத்தம். அப்புறம் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே மாவு தட்டும் சத்தம், தட்டுத் தடுமாறி.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னாலேயே அறுவடை மிஷின் வயலுக்குள் திரும்பியது, கோதுமைத் தூசி முற்றம் வரை வந்தது. "என்ன பீஜி, தரையில உட்கார்ந்திருக்க? யாருக்கு இந்தச் சாப்பாடு?" என்று கேட்டுக்கொண்டே ஜக்தார் உள்ளே வந்தான்.

"கதவைச் சாத்திட்டு வந்து உட்காரு" என்றாள் நசீப் கௌர். ரொட்டித் துண்டுகள் அவள் மடியிலேயே ஆறிக்கொண்டிருந்தன.